மூத்தவன் கரைகளில் செய்த வேலைகள்

செத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்த மூத்த மகனை ஐஸ்காரர் குடும்பம் முதல் துறைமுகத்திலேயே பார்த்துவிட்டது. கப்பலிலிருந்து இறங்கியவர்களைப் பேருந்தில் ஏற்றி ஒரு கைத்தொழில் கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே அவன் சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, சுற்றி நின்ற பயணிகளுக்குப் பானை வனைந்து காட்டிக்கொண்டிருந்தான். செத்த அன்றைக்கு இருந்த வயதுதான். இடது புருவத்துத் தழும்பு அப்படியே இருந்தது. முழங்கை வரை களிமண். இந்தக் கலை இவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவது என்று வழிகாட்டிப் பெண் மனப்பாடமாக ஒப்பித்தாள். எதிரே வரிசையாக நின்ற அவனுடைய குடும்பம், அவள் சொன்னதை மறுக்காமல் தலையாட்டியது. பெற்ற தாய் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: “இவனா? வீட்ல ஒரு டம்ளர கழுவி வச்சதில்ல.” சொல்லிவிட்டு முந்தானையால் அவன் நெற்றி மண்ணைத் துடைத்தாள். இப்படித் துடைத்துவிடும் பயணிகளும் உண்டு போலிருக்கிறது. அவன் புரியாத பாஷையில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த உருண்டை மண்ணை எடுத்தான்.

அவனுடைய மனைவி மகளின் கையைப் பிடித்தபடி பின்வரிசையில் நின்றிருந்தாள். பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். ஊரில் தையற்காரி என்றால்தான் தெரியும். அவளுக்கு மயக்கம் வரவில்லை, கத்தவும் தோன்றவில்லை. இந்த ஆளைக் கப்பலில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் வந்தது. அதன் பிறகு அந்தப் பயணத்தில் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஐஸ்காரர் என்பது அவளுடைய மாமனார். ஒரு காலத்தில் மீன் சந்தை முழுவதற்கும் அவருடைய ஆலையிலிருந்துதான் ஐஸ் போகும். அடுத்தவர்கள் காரியம் ஆக வேண்டுமென்றால் ஐஸ் வைப்பார்கள், இந்தக் குடும்பத்துக்கு அதுவே தொழில் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். கட்டிகளை அடுக்கிவைக்கும் குளிர் அறைக்கு ஒரு முழம் கனத்தில் கதவு. அதன் இரும்புக் கைப்பிடி வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே வெறும் தகடு. வீடுகளில் சாத்து என்றால் கதவை ஒருக்களித்துத் தள்ளினால் போதும். அந்த ஆலையில் சாத்து என்றால் தள்ளிவிட்டுக் கைப்பிடியையும் கீழே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர் ஓடிவிடும். சின்ன வயதிலிருந்து அங்கேயே உருண்டு புரண்ட இரண்டு மகன்களுக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தால் கை தானாகவே கைப்பிடிக்குப் போகும். ஒரு பகல்பொழுதில் உள்ளே அமோனியாக் குழாயின் மூட்டு விட்டுப்போனது. மூத்தவன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வால்வை மூட உள்ளே ஓடினான். முற்றத்தில் வேலையாட்கள் இருமிக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப் புருஷனைக் கூப்பிட வந்த தையற்காரியும் அங்கேதான் நின்றாள். அப்போது “சாத்து!” என்று ஒரு குரல் கேட்டது. சின்னவன் கதவைத் தள்ளிக் கைப்பிடியைக் கீழே இழுத்தான்.

அப்பாதான் சொன்னார் என்றான் சின்னவன். நான் வாயே திறக்கவில்லை என்றார் ஐஸ்காரர். அப்பனுக்கும் மூத்தவனுக்கும் ஒரே குரல். தொலைபேசியில் பேசினால் பெற்றவளே தடுமாறுவாள். எந்திர இரைச்சலில் அன்றைக்கு யாருடைய குரல் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. தையற்காரி பாதி வெறுப்பை மாமனாருக்கும் மீதியைக் கொழுந்தனுக்கும் பங்கு வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனி வீடு போனாள். ஆலையை மூடி மின் இணைப்பையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. திருடன் ஒருமுறை வந்து, திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போனதாகக் கேள்வி.

கப்பல் பயணம் ஐஸ்காரரின் யோசனை. மூன்று தலைமுறைக்கும் ஒரே கப்பல், இறங்கும் ஊரிலெல்லாம் அந்தந்த மண்ணின் கலை, கலாச்சாரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கண்ணை மூடுவதற்குள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார்த்திச் சாப்பிட வைக்க வேண்டும் என்று கிழவருக்கு ஆசை. தையற்காரி முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். மாமியார் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகளோ நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தாள். ஒப்புக்குச் சப்பாணியாக வருகிறேன் என்று சொல்லித்தான் பெட்டி கட்டினாள். கப்பல் அறைக் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்பவை. அந்தக் குடும்பத்தின் மூன்று அறைகளிலும் நிலையில் செருப்பு செருகியிருப்பதைப் பார்த்துச் சுத்தம் செய்ய வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பானைக்காரனைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் ஐஸ்காரர் வாங்கிவந்த ஈரப் பானை நடுவில் இருந்தது. கொழுந்தன் கரண்டியால் தட்டைச் சுரண்டிக்கொண்டே, “அண்ணன் மாதிரி ஒருத்தன். உலகத்துல ஏழு பேரு இருப்பாங்களாம்” என்றான். அவன் மனைவி, அதாவது தையற்காரியின் ஓரகத்தி, “ஏழு பேருக்கும் புருவத்துல தழும்பு இருக்குமா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். தையற்காரி எழுந்து போய்க் கப்பல் அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னாள். இறந்த கணவர், இன்னொரு படுக்கை வேண்டும் என்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு தலையணையா ஒன்றா என்று விசாரித்தார். படுக்கை போட்டுத் தருவதில் சிரமமில்லை, ஆனால் ஆள் தன் காலால் நடந்துவந்து ஏற வேண்டும், பிறர் தூக்கிவரும் ஆளை ஏற்றுவதற்கில்லை என்று விளக்கினார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாவது துறைமுகத்தில் அவன் கண்ணாடி ஊதிக்கொண்டிருந்தான். உலையின் முன் நின்று நீண்ட குழலை வாயில் வைத்து ஊத, முனையில் செந்நிறக் குமிழ் பெருத்தது. தையற்காரி குமிழைப் பார்க்கவில்லை. அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நுரையீரல் வெந்துபோயிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மார்பு அது. இப்போது கடைசிப் பயணி படம் எடுத்து முடிக்கும்வரை மூச்சுத் திணறாமல் ஊதியது. கயிற்றுத் தடுப்பைத் தாண்டிப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கட்டிய நாளிலிருந்து வாயில் எடுக்காத பெயர். அவன் சிரித்து, ஒரு சின்னக் கண்ணாடிப் பறவையை அவள் கையில் வைத்தான். எல்லாருக்கும் கொடுக்கிற பறவைதான். மகளை முன்னால் தள்ளி, “உங்க பொண்ணுங்க” என்றாள். அவளுக்கும் ஒன்று கொடுத்தான். காவலாளி மரியாதையாகத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டான். அன்றைக்குக் கப்பலின் மேல்தட்டில் நின்று அவள் விக்கி விக்கி அழுதாள். பக்கத்தில் வந்து நின்ற மாமனாருடன் பேசவில்லை, ஆனால் அவரைப் போகச் சொல்லவும் இல்லை.

மூன்றாவது துறைமுகம்தான் கடைசி. அங்கே பார்க்க வேண்டியது அந்த மண்ணின் சாவுச் சடங்கு என்றார்கள். காலையும் மாலையும் இரண்டு காட்சி. பெஞ்சு போட்ட கொட்டகையில், வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கறுப்புத் துணி கொடுத்து, எந்த இடத்தில் ஒப்பாரி எழும், எந்த இடத்தில் பயணிகளும் சேர்ந்து அழலாம் என்று வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார். முடிந்ததும் பிணம் எழுந்து வணக்கம் சொல்லும், படம் எடுத்துக்கொள்ளலாம். பாடையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதைத் தையற்காரி கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாதத்தைப் பார்த்தாலே போதும்.

நிஜச் சாவில் அந்தக் குடும்பம் சரியாக அழவில்லை. போலீஸ், விசாரணை, யார் சொன்னது யார் சாத்தியது என்ற பேச்சிலேயே நாள் ஓடிவிட்டது. அதனாலோ என்னவோ, உள்ளூர்ப் பெண்கள் குரல் எடுத்ததும் முதலில் மாமியார் பெஞ்சிலிருந்து சரிந்தாள். பிறகு ஐஸ்காரர் துணியை முகத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வரிசைக்காரர்கள் இவர்கள் நன்றாக அழுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். சின்னவன் எழுந்து பாடை வரைக்கும் போய் மண்டியிட்டு, “நான்தாண்ணே இழுத்தேன். கைப்பிடிய நான்தான் கீழ இழுத்தேன்” என்று தரையில் அறைந்து அழுதான்.

பாடையில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். யாரையும் பார்க்கவில்லை. தமிழில் கேட்டான்.

“சாத்தியாச்சா? பிள்ளையோட முத்தத்துல நிக்கிறா. சாத்துன்னு கத்துனேனே, சாத்தியாச்சா?”

அன்றைக்கு முற்றத்தில் கேட்ட அதே குரல். அப்பாவுடையது இல்லை. தையற்காரி பதினோரு வருடமாக இரண்டு பேர் மேல் ஏற்றிவைத்திருந்த பழி நின்ற இடத்திலேயே அவள் தலைக்கு வந்து சேர்ந்தது. அவளுக்காகத்தான் சாத்தச் சொல்லியிருக்கிறான். அவள் ஊசி போட வேண்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நின்றிராவிட்டால் கதவு திறந்தே இருந்திருக்கும், அவனும் வெளியே ஓடிவந்திருப்பான். ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை. ஆச்சு என்று சொன்னால் மறுபடி கண்ணை மூடிவிடுவான், பிறகு திறக்கவே மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. அவன் எழுந்திருக்க வேண்டும், தன் காலால் நடக்க வேண்டும், கப்பல் ஏற வேண்டும். அவள் பெஞ்சுகளைத் தாண்டி முன்னால் வந்தாள்.

“இல்லீங்க, சாத்தல. கதவு தெறந்துதான் இருக்கு. எழுந்து வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

எழுந்தான். கூட்டம் கை தட்டியது. அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை. “தெறந்தா கெடக்கு? பிள்ளை நிக்குதுன்னு சொன்னேனே!” என்று பதறினான். மேலே போர்த்தியிருந்த துணியைப் பிடுங்கி, தலைமாட்டில் இருந்த பானைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டான். ஓடுகிறவனின் மணிக்கட்டைத் தையற்காரி இரண்டு கையாலும் பிடித்தாள். சாக்கு இல்லாமல் தூக்கிய ஐஸ் கட்டி போல அது அவள் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. கொட்டகைக்கு வெளியே அவனைக் காணவில்லை. உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து எரிந்தன. மாலைக் காட்சிக்கு ஆள் இல்லாமல் போனதற்கு ஏற்பாட்டாளர்கள் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை, இப்படி நடப்பதுண்டு என்றார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது பழைய ஆலையின் எந்திர இரைச்சல் தெருமுனையிலேயே கேட்டது. மின்வாரிய ஆட்கள் வந்து, வெட்டிய கம்பி வெட்டியபடியே தொங்குவதைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். குளிர் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளிக் கைப்பிடி மேலே தூக்கித்தான் இருந்தது. கைப்பிடியே இல்லாத உள்பக்கத்திலிருந்து எப்படிச் சாத்த முடியும் என்று முதல் வாரம் கேட்டார்கள், அப்புறம் கேட்கவில்லை. சின்னவன் தன் முழு பலத்தையும் போட்டு இழுத்தான். வெல்டிங்காரரைக் கூட்டிவந்தான், தீ கதவைத் தொட்டதும் அணைந்தது. விடிந்ததும் சுவர்த் துவாரத்தின் வழியாகக் கட்டிகள் ஒவ்வொன்றாகச் சறுக்கி வந்து விழுந்தன. நல்ல ஐஸ், சீக்கிரம் கரையாதது. மீன் வண்டிகள் பழையபடி வரிசை கட்டின. சின்னவன், ஆலையை மூடிய பிறகு வைத்திருந்த ஃபிரிட்ஜ் கடையை விட்டுவிட்டு முற்றத்துக்கே வந்துவிட்டான். அடுத்த மழைக்காலத்தில் ஐஸ்காரர் போய்ச் சேர்ந்தபோது, உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை அவரைச் சுற்றி அடுக்கியதும் அந்தக் கட்டிகளைத்தான். பெரிய மருமகள் அன்றைக்கு அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததை ஊர் ஆச்சரியமாகப் பேசியது.

தையற்காரி மெஷினைக் கொண்டுவந்து குளிர் அறைக் கதவருகே போட்டுக்கொண்டாள். மகள் அங்கேயே படித்து வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள், தாயுமானாள். தினமும் காலையில் வந்ததும் தையற்காரி கதவைத் தட்டி, நான்தான் வந்திருக்கேன், திறங்க என்பாள். வால்வு திருகும் சத்தம் நிற்கும். “பிள்ளைய வச்சுக்கிட்டு அங்க நிக்காதே. தள்ளிப் போ” என்று உள்ளிருந்து குரல் வரும். பிள்ளை பெரியவளாகிப் போய்விட்டாள், இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அதற்கும் அதே பதில்தான். சரிங்க என்று ஸ்டூலை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு, அன்றைய சட்டைகளுக்குக் காஜா எடுக்க ஆரம்பிப்பாள்.