பெடலுக்குப் பெடல்

பொதியை அவிழ்த்ததும் உள்ளே இருந்து வந்தவை இரண்டு சைக்கிள் பெடல்கள். புத்தம் புதியவை. கறுப்பு றப்பர்க் கட்டை, இரண்டு பக்கமும் மஞ்சள் கண்ணாடி. எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, அதற்கு மேல் இடுப்பில் கட்டுகிற ஒரு சாரத்தாலும் சுற்றி, கொழும்பிலிருந்து வவுனியா தாண்டி, கிளாலியில் வள்ளம் ஏறி, அச்சுவேலியில் ஒரு கிற்றார் வகுப்புக்கு வந்து சேர்ந்திருந்தன.

வகுப்பில் படிக்கிற ஐந்து பேரும் அவற்றைச் சுற்றிக் குனிந்தார்கள். பிறகு வின்சன்ற் ஒன்றைக் கையில் எடுத்து அச்சைப் பிடித்துச் சுழற்றினான். அது சத்தமே இல்லாமல் சுழன்றது.

"காலாலை மிதிக்கிற சாமான்தானே கேட்டனீ மகாதேவி? வந்திட்டுது. மிதி!"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பிழை எங்கே நடந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்த பெரியண்ணைக்கு அவள் எழுதிய கடிதம் மூன்று முறை திருத்தப்பட்டது. முதற் கடிதம் முழுப்பக்கம். எலெக்ரிக் கிற்றாருக்கும் லவுட்ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற பெட்டி, காலால் மிதித்தால் சத்தத்தின் குணம் மாறும், ஒரே பெட்டிக்குள் பல விதமான மாற்றம் இருக்கும், பெயர் மல்ரி எபெக்ற் பெடல் என்று விளக்கமாக எழுதியிருந்தாள். பிறகுதான் பயம் வந்தது. கடிதத்தைக் கொண்டு போகிறவரை வழியில் மறித்துச் சோதித்தால்? எலெக்ரிக் என்ற சொல்லை வெட்டினாள். மல்ரி எபெக்ற் என்பது ஏதோ சங்கேதம் போலத் தெரிந்தது, அதையும் வெட்டினாள். கிற்றார் என்றால் நாலு கேள்வி வரும். கடைசியில் மிஞ்சியது ஒரு வரி: "அண்ணை, ஒரு நல்ல பெடல் வேணும், கெதியாய் அனுப்பவும்."

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாமல், யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி பெடல் கேட்டால் எந்த அண்ணன்தான் கிற்றாரை நினைப்பான்?

அன்று புதன்கிழமை. ஞாயிறு நாலு மணிக்கு, இவர்களின் வகுப்பு நடக்கிற ரியூட்டரியின் ஆண்டு விழா. கிற்றார் மாஸ்ரர் இரண்டு மாதத்துக்கு முன்பு தன் எலெக்ரிக் கிற்றாரை இவர்களிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு அறை எதற்கு என்று ரியூட்டரிச் சொந்தக்காரர் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் கேட்டார். அவரிடம் தட்டெழுத்து வகுப்புக்காரர் ஒருவர் அறை கேட்டு நின்றார்.

"நான் ஒரு நியாயம் சொல்லுறன்," என்றார் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர். "ஆண்டு விழாவிலை அடிச்சுக் காட்டுங்கோ. சனம் இருந்து கேட்டால் அறை உங்களுக்கு. எழும்பிப் போனால் ரைப்பிங்காரருக்கு. போன கிழமை லவுட்ஸ்பீக்கரிலை பூட்டி அடிச்சியள், நுளம்பு கத்தின மாதிரிக் கிடந்தது."

அது பொய்யில்லை. வெறும் கிற்றாரை நேரே லவுட்ஸ்பீக்கரில் பூட்டினால் மெலிந்து கீச்சென்றுதான் கேட்டது. அதற்குத்தான் பெடல். அதைத் தேடும் வேலை மகாதேவிக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய கொப்பி. ஒவ்வொரு மாலையும், தந்திகளைச் சேர்த்துத் தட்டுகிற எந்தக் கோட்டில் யார் தடக்கினார்கள் என்று திகதி போட்டு எழுதுகிறவள் அவள்தான். எழுதி முடித்ததும் கீழே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவாள், தான் எழுதியதே சரியோ என்று.

"இப்ப என்ன செய்யிறது?" என்றான் வின்சன்ற்.

மகாதேவி பெடல்களைத் திரும்பச் சாரத்தில் சுற்றினாள். "நீக்கிலாப்பிள்ளை அண்ணையிட்டைப் போவம்."

நீக்கிலாப்பிள்ளையின் சைக்கிள் கடை புத்தூர்ச் சந்தியில் இருந்தது. ஊரைவிட்டு வெளியே போகிறவர்கள் கொண்டு போக முடியாத சாமான்களை அவரிடம்தான் விட்டுப்போவார்கள். தையல் மெசின், புறொஜெக்ரர், தலையில்லாத பொம்மை எல்லாம் ரயர்களுக்குப் பின்னால் கிடந்தன. பெடல்களைக் கண்டதும் அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையை வாங்குவது போல வாங்கினார்.

"எட தங்கச்சி! நாலு மாசமாய் மரக்கட்டையிலை பெடல் வெட்டிப் பூட்டுறன். எங்காலை உது?"

"பிழையாய் வந்தது அண்ணை," என்று மகாதேவி கதையைச் சொன்னாள். மனிதன் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு உள்ளே போய், தூசி தட்டி, இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வாங்கில் வைத்தார்.

"ரெண்டு இசைக்குழுக்காரர் விட்டிட்டுப் போனவை. எனக்கு உதின்ரை தலையும் தெரியாது, காலும் தெரியாது. ஒண்டை எடுங்கோ. பெடலுக்குப் பெடல்."

ஒன்று பெரியது. கறுப்பு இரும்பு உடம்பு, ஐந்து மிதிகள், சிவப்பு இலக்கம் ஒளிரும் சின்னக் கண்ணாடி. உள்ளே அறுபது விதமான சத்தம் என்று மேலேயே அச்சடித்திருந்தது. மற்றது சாம்பல் நிறம், ஒரு மூலையில் பெயின்ற் உரிந்தது. நாலு குமிழ், நாலு மிதி, அவ்வளவுதான்.

கடை ரேடியோவுக்கு ஒரு பழைய கார் பற்றரி இருந்தது. அதன் ஆறு அறைகளையும் இணைக்கும் ஈயப்பட்டை மேலே தெரிந்தது, அறைக்கு இரண்டு வோல்ற்று. பெட்டிகளுக்கு ஒன்பது வோல்ற்று வேண்டும். நாலாவது அறையில் கிளிப்பைக் கடிக்க விட்டால் எட்டு வரும், அது போதும். இந்தக் கணக்கு அப்போது யாழ்ப்பாணத்தில் பால்குடிக்கும் தெரியும். வின்சன்ற் வயரை எடுத்துப் பூட்டப் போனான்.

"பொறு," என்றாள் மகாதேவி. பெரிய பெட்டியைக் கவிழ்த்து அடியிலிருந்த சின்னப் படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்து பார்த்தாள்.

"என்ன, தேவாரமே எழுதிக் கிடக்கு?" என்றான் வின்சன்ற்.

"பிளக்கின்ரை நடுவிலை மைனஸ் எண்டு போட்டிருக்கு."

"விசர்க்கதை கதையாதை. எங்கையும் நடுவிலை பிளஸ்தான்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனால் படத்திலை மைனஸ்."

நீக்கிலாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "பிள்ளை சொல்லுறது சரி. மாறிக் குடுத்திருந்தால் உள்ளுக்கை கருகியிருக்கும், தம்பி." வின்சன்ற் வயரை மாற்றிப் பூட்டினான்.

கையோடு கொண்டுவந்த எலெக்ரிக் கிற்றாரையும் வோக்மன் ஹெட்போனையும் பெரிய பெட்டியில் செருகி, ஆளாளுக்கு மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். கேட்டவர்கள் முகமெல்லாம் விரிந்தது. பதினேழாம் இலக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பெரிய மண்டபமே காதுக்குள் இடிந்து விழுந்தது.

"முடிஞ்சுது," என்றான் வின்சன்ற். "இதுதான். வேறை கதை இல்லை."

மகாதேவியும் கேட்டாள். அவளுக்கும் புல்லரித்தது. அதுதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது. கொப்பியைத் திறந்து, பெரியது, சின்னது என்று நடுவில் கோடு போட்டு எழுதத் தொடங்கினாள். நாலாவது வரியில் பேனை நின்றது.

"வின்சன்ற், ஞாயிற்றுக்கிழமை சனம் ஹெட்போன் போட்டுக்கொண்டே கேக்கப்போகுது?"

"என்ன கேள்வி உது?"

"தம்பிராசா அண்ணையின்ரை லவுட்ஸ்பீக்கர்க் குழாயிலை பூட்டிக் கேட்டால்தானே தெரியும். அதிலைதானே அடிக்கப்போறம்."

நீக்கிலாப்பிள்ளை பெடல்களை விட்டு நிமிர்ந்தார். "ரெண்டையும் கொண்டு போங்கோ. பொழுதுபட முதல் ஒண்டு திரும்பி வரவேணும். அதுவரைக்கும் உன்ரை சைக்கிள் இஞ்சை நிக்கட்டும், தங்கச்சி."

கோயில் திருவிழாவும் கலியாணமும் தம்பிராசாவின் லவுட்ஸ்பீக்கர் இல்லாமல் நடந்ததில்லை. மின்சாரம் நின்ற பிறகு அவர் எல்லாவற்றையும் பற்றரியில் ஓட விட்டார். குழாய் ஒன்றை வேலியோரத்துக் கிளுவை மரத்தில் கட்டி, "சரி, அடியுங்கோ" என்றார்.

வின்சன்ற் பெரிய பெட்டியைப் பூட்டிப் பதினேழாம் இலக்கத்துக்கு வந்து, காலை அகட்டி நின்று தட்டினான்.

தகரக் கூரையில் ஒரு லொறி சல்லியைக் கொட்டியது போலிருந்தது. கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "தம்பிராசா! ஆரையடா போட்டு அடிக்கிறாய்?"

"ஒருத்தரையும் இல்லை மகேசக்கா, கிற்றார்!"

"அடிச்சுக் கொல்லாமல் விட்டிடுங்கோ அதை!"

வின்சன்ற் இலக்கங்களை மாற்றினான். பதினெட்டு, இருபத்திரண்டு, முப்பது. ஒவ்வொன்றையும் மகாதேவி எழுதினாள். ஒரு சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதற்கே மூன்று மிதியை ஒழுங்காக மாற்றி மாற்றி மிதிக்க வேண்டியிருந்தது; ஒன்று தவறினால் முதலிலிருந்து. பலமாகத் தட்டிய இடங்களில் சிவப்பு இலக்கம் ஒருமுறை மினுங்கி அணைந்து, பெட்டி தானாகவே ஒன்றாம் இலக்கத்துக்குத் திரும்பியது. எட்டு வோல்ற்று அதற்குப் பற்றவில்லை.

"சின்னதைத் தா," என்றாள் மகாதேவி.

சின்னதும் முதலில் அப்படியேதான் கத்தியது. குழாய் இரைந்தது. மகேசக்கா கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. மகாதேவிக்குச் சந்தேகம் வந்தது. இரண்டும் சரியில்லையென்றால்? இவ்வளவு பேரையும் சைக்கிளில் அலைத்துக்கொண்டு திரிந்தது வீண்தானோ?

தனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் அவள் செய்தாள். நாலு குமிழையும் முழுதாகக் குறைத்து, ஒன்றும் இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு வின்சன்ற் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சத்தத்தைச் சிதற வைக்கிற டிஸ்ரோஷன்: கால்வாசியிலேயே குழாய் கதறியது, வேண்டாம். சத்தத்தை அலைய வைக்கிற கோரஸ்: வேண்டாம். கொம்பிரசர்: அரைவாசிக்கு வந்தபோது அவள் நிமிர்ந்தாள். மெதுவாகத் தட்டிய தந்தியும் பலமாகத் தட்டிய தந்தியும் ஒரே உயரத்தில் வந்து நின்றன. கீச்சென்று மெலிந்திருந்த சத்தத்துக்குச் சதை பிடித்தது. பழகாத விரல்களின் குற்றத்தையெல்லாம் அந்தக் குமிழ் தன் தலையில் போட்டுக்கொண்டது. கடைசியாக, எதிரொலி தருகிற எக்கோவை ஒரு நூல் அளவு திருப்பி, கிற்றாரை வாங்கினாள்.

தட்டினாள். குழாயிலிருந்து புறப்பட்ட சத்தம் ஒழுங்கை வழியே போய், தோட்டத்தைத் தாண்டி, அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது.

வேலிக்கு அப்பால் கதவு திறந்தது. மகேசக்காவின் தலை தெரிந்தது. "இது என்ன பாட்டு?"

"பாட்டு இல்லை அக்கா. ஒரு கோட் மட்டும்."

"அப்ப பாட்டையும் அடியுங்கோவன்."

தம்பிராசா பீடியை வாயிலிருந்து எடுத்தார். "இருபது வருசமாய் உந்தக் குழாயைக் கட்டுறன். உதுக்குள்ளாலை இப்பிடி ஒரு சத்தம் வந்ததை இண்டைக்குத்தான் கேக்கிறன்."

வின்சன்ற் விடவில்லை. "அதிலை அறுவது சத்தம் இருக்கு. இதிலை நாலு. அந்த நாலிலையும் ரெண்டைத்தான் பாவிக்கிறாய். பிழைச்சால் ஆர் பதில் சொல்லுறது? அறை போயிடும்."

மகாதேவி கொப்பியைப் புரட்டினாள். பிழைக்கலாம். அவளுக்கு எப்போதும் எதுவும் பிழைக்கலாம் என்றே தோன்றும். ஆனால் அவள் காதால் கேட்டிருந்தாள், எழுதியிருந்தாள், ஒன்றையும் விடவில்லை.

"நான் பதில் சொல்லுறன்," என்றாள். "எங்களுக்கு அறுவது வேண்டாம், ஒண்டு வேணும். அது உந்தச் சின்னதிலை இருக்கு."

சின்னப் பெட்டியில் குமிழ்கள் நின்ற இடங்களில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தாள். யார் கை பட்டுத் திரும்பினாலும் அதே இடத்துக்குக் கொண்டுவரலாம். பெரியது அன்று பொழுதுபட முன்பே புத்தூருக்குத் திரும்பிப் போனது.

ஞாயிறு நாலு மணி. பேச்சுகள் நீண்டதில் சனம் விசிறிக்கொண்டு, கதிரையில் நெளிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரருக்குப் பக்கத்தில் தட்டெழுத்துக்காரர் இருந்தார். அறையை அளக்கவோ என்னவோ, கையில் ஒரு நாடா வைத்திருந்தார். கிற்றார்க்காரர் ஏறியபோது பின்வரிசையில் சிலர் எழும்பத் தொடங்கினார்கள்.

சின்னப் பெட்டியின் குணம் அறிந்தவள் நீதான் என்று சொல்லி, வின்சன்ற் எலெக்ரிக் கிற்றாரை மகாதேவியின் கழுத்தில் மாட்டிவிட்டான். பாட்டு அவர்களே மாலை மாலையாகச் சேர்த்துக் கட்டிய ஒரு மெட்டு, மூன்று கோட். அவள் மிதியை மிதித்துத் தந்தியைத் தட்டினாள்.

சத்தம் குழாயிலிருந்து வெளியே வந்து, பந்தலை நிறைத்து, வாசல் படலை வரை போனது. எழும்பியவர்கள் எழும்பிய இடத்திலேயே நின்றார்கள். பிறகு ஒருவர் திரும்பக் கதிரையில் இருந்தார், மற்றவரும் இருந்தார். வீதியில் போன இரண்டு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார்கள். இரண்டாவது சுற்றில் மகாதேவியின் விரல் பலமிழந்து ஒரு தந்தியை உரசியது, யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் அவளுக்கே பயம் மறந்துபோனது. வின்சன்ற் மின்சாரம் இல்லாத பொக்ஸ் கிற்றாரை அடித்தபடி அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தட்டெழுத்துக்காரர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு முழங்காலில் தாளம் போட்டார்.

முடிந்ததும் எழுந்த கைதட்டல் ஓயவில்லை. ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். "கிற்றார் வகுப்பு வழக்கம்போல நாளைக்கும் நடக்கும். இதே அறையிலைதான். சேர விருப்பமான ஆக்கள்..."

அவரை முடிக்க விடவில்லை. "இன்னொண்டு! இன்னொண்டு!" என்று பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது.

மகாதேவி மைக்குக்குக் குனிந்தாள். "எங்களுக்கு ஒண்டுதான் தெரியும்."

"அப்ப அந்த ஒண்டையே அடி பிள்ளை!"

அடித்தார்கள். இந்த முறை முதல் தட்டே இரண்டு மடங்கு துணிவாக விழுந்தது.