டீசல் டேங்கின் மூடி

அந்தப் படகின் டீசல் எஞ்சின் என்னைவிட மூன்று வயது மூத்தது. அதன் குணம் எனக்கு அத்துப்படி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தவன் நான். மூன்று வாரமாக அது என் மூக்கை உடைத்துக்கொண்டிருந்தது.

கரைக்கும் எதிரே இருக்கும் தீவுக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் படகு. ஓட்டுபவர் என் அக்கா வீட்டுக்காரர், மாமா. கிளம்பி அரை மணி நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். ஃபில்டர்களை மாற்றினேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்பைப் பிரித்து வாஷர் மாற்றினேன். ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்றினேன். பிறகு துறையில் கட்டிப்போட்டபடியே ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். சமத்தாக ஓடியது. மறுநாள் மாமா எடுத்துப் போனால் நடுவழியில் நின்றது.

என் கையில் ஓடுவது அவர் கையில் மட்டும் நின்றால் கோளாறு யாரிடம்? எனக்கு ஆத்திரம். மாமா ஐந்து வருடத்துக்கு முன் குடியை விட்டவர். நான் நேரே அக்காவிடம் போய், "மாமா பழையபடி ஆரம்பிச்சுட்டாரோன்னு தோணுது" என்று போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அக்கா சாயங்காலம் வாசலிலேயே அவரை நிறுத்தி ஊதச் சொல்கிறாள். இன்னொரு தடவை நின்றால் வேறு ஆள் ஓட்டட்டும் என்று படகு முதலாளியும் சொல்லிவிட்டார்.

இன்று காலை நானும் படகில் ஏறினேன். எஞ்சினைக் கவனிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மாமாவை மோப்பம் பிடிக்கத்தான் போனேன். அவரிடம் டீ வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை.

முப்பத்திரண்டாவது நிமிடம் எஞ்சின் இருமியது, நின்றது. பயணிகள் பேச்சை நிறுத்திவிட்டு மாமாவையே பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"டேங்க் மூடியைத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணா எடுத்துக்கும் மாப்ள. உன்கிட்ட முதல் நாளே சொன்னேன்."

சொன்னார்தான். உங்க வேலையை நீங்க பாருங்க என்று அவர் வாயை அடைத்தது நான்.

மாமா மூடியைத் திருகினார். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்கென்றே ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. நானோ எந்தப் படகில் கைவைத்தாலும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து அளவுக் குச்சியை விட்டுவைப்பவன். துறையில் நான் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் மூடி திறந்தே கிடந்தது.

மேல்தளத்து ஓரத்தில் வளைந்து நின்ற காற்றுக் குழாய்க்குள் இடுக்கியை நுழைத்து இழுத்தேன். பெயிண்ட் காய்ந்து விறைத்த துணிச்சுருள் ஒன்று வந்தது. நீலப் பூப்போட்டது. அக்காவின் பழைய நைட்டி; கை துடைக்க எனக்குத்தான் கிழித்துக் கொடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன் தளத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது, உள்ளே சொட்டக்கூடாதென்று நான்தான் திணித்து வைத்தேன்.

மாமா துணியைப் பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு நானும் கூடமாட நின்னேன். நான்தான் வெச்சு மறந்திருப்பேன். இப்பல்லாம் என்னையே நான் நம்புறதில்ல மாப்ள."

அவர் என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் வெச்சது மாமா," என்றேன். "முதலாளிகிட்டயும் அக்காகிட்டயும் நானே சொல்றேன்."

அவர் டேங்க் மூடியை இறுகத் திருகி மூடினார். எஞ்சினைக் கிளப்பினார். கரை சேரும்வரை அது நிற்கவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கிழி கிழியென்று கிழித்தார், வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அந்தத் துணியைக் கையில் பிடித்தபடி மாமாவோடு வீட்டுக்கு நடந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா கதவைத் திறந்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள், மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கேட்காமலேயே, அவள் முகத்துக்கு நேரே குனிந்து ஊதினார்.