ஏழுக்கும் எட்டுக்கும் ஒரே ஸ்கேனர்

இசக்கிதுரை ஏமாற்றுக்காரன் என்று கம்பெனி முடிவு கட்டிய அன்று, முத்துச்செல்வி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பசி இல்லாமல் இல்லை. கோபம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

ஒரகடத்தில் லாரிகளுக்கு பிரேக் வால்வு செய்யும் தொழிற்சாலை அது. இசக்கிதுரை அங்கே ஏழாம் ஸ்டேஷனில் ஆபரேட்டர். வால்வில் காற்று கசிகிறதா என்று சோதித்து அனுப்புவது அவன் வேலை. அந்தச் சோதனை இயந்திரங்களையும் அவற்றின் கம்ப்யூட்டர்களையும் பழுது பார்ப்பது முத்துச்செல்வியின் வேலை. இருவருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அவன் நாலு வயது மூத்தவன், அதனால் அண்ணன்.

போன வாரம், கசியும் வால்வு ஒன்று ‘பாஸ்’ என்ற பதிவோடு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. லாரியில் மாட்டுவதற்கு முன்பே அங்கே பிடித்துவிட்டார்கள். அதன் எண்ணைத் தேடினால் இசக்கிதுரையின் லாகின் வந்து நின்றது. கெட்ட வால்வுக்கு நல்ல வால்வின் முடிவைத் திருட்டுத்தனமாக ஏற்றினான் என்று சஸ்பெண்ட் செய்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் தோற்றால் இந்த வேலை போவதோடு முடியாது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டு விசாரிக்காமல் யாரும் ஆளெடுப்பதில்லை.

ஏழாம் ஸ்டேஷனின் கம்ப்யூட்டர் வாரத்துக்கு இரண்டு முறை உறைந்து நிற்கும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஷிப்ட் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் ‘ஆபரேட்டர் தவறு’ என்று எழுதிவிடுவார்கள். அந்தப் படிவத்தில் இருக்கும் கட்டம் அதுதான். கம்ப்யூட்டர் தவறு என்று ஒரு கட்டம் அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை. மனிதன் மேல் பழி போட்டால் மனிதன்தானே பேசாமல் நிற்கிறான்.

அந்தக் கம்ப்யூட்டர்களில் ஓடுவது, மூலநிரல் மொத்தமும் யாரும் படிக்கலாம் என்று திறந்து கிடக்கிற ஓர் இயக்க முறைமை. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அதில் பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார், பார்த்துச் சேர்த்துக்கொள்வார். டிப்ளமா மட்டும் படித்த முத்துச்செல்வி இரண்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அந்த நிரலைப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டுப் பெண்கள் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள், இவள் இதைப் பார்ப்பாள். இதுவரை அவள் அனுப்பிய இரண்டு திருத்தங்களைச் சேர்த்திருந்தார்கள். இரண்டும் சின்னவை, அதில் ஒன்று வெறும் எழுத்துப்பிழை. அதற்கே அன்று ரூமில் இருந்த ஐந்து பேருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் அவள் பஸ் ஏறவில்லை. பழுது பார்க்கும் அறையில் உதிரியாகக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரில், பக்கத்து லைனிலிருந்து இரவல் வாங்கிய ஸ்கேனரைச் செருகினாள். வால்வில் ஒட்டிய எண்ணைப் படிக்க வைத்தாள். பிடுங்கினாள். மறுபடி செருகினாள். ஏன் பிடுங்க வேண்டும் என்றால், லைனில் அப்படித்தான் நடக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு எட்டாம் ஸ்டேஷனின் ஸ்கேனர் உடைந்துபோனது. புதியது வரும்வரை ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்றார்கள். இந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு முடிவே கிடையாது. ஏழாம் ஸ்டேஷனில் ஒரு வால்வின் எண்ணைப் படித்ததும் ஸ்கேனரை ஒயரோடு பிடுங்கி, எட்டாம் ஸ்டேஷனின் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அங்கே படித்ததும் திரும்ப இங்கே வரும்.

முந்நூறு முறை செய்து பார்த்தாள். கம்ப்யூட்டர் அசையவே இல்லை. சாதுவாக ஒவ்வொரு எண்ணையும் சரியாகப் படித்தது. கை வலித்ததுதான் மிச்சம். ஒருவேளை இசக்கியண்ணன் உண்மையிலேயே ஏதாவது செய்திருப்பானோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் டீ நேரத்தில் எட்டாம் ஸ்டேஷன் அம்சவல்லியைக் கூட்டிவந்து காட்டினாள். அம்சவல்லி வடக்குப்பட்டுக்காரி. வாயும் கையும் ஒரே வேகம். முத்துச்செல்வி செய்வதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னாக்கா இது, ‘பீப்’ வர வரைக்கும் நின்னுகினு கீற? அப்டி நின்னா ஒரு பீஸுக்கு முப்பத்தெட்டு செகண்டு எங்க பத்தும்? இப்டி.”

அவள் ஒரு கையால் ஸ்கேனரின் விசையை அழுத்தினாள். அழுத்திய விரல் எழுவதற்கு முன்பே மறு கை ஒயரைப் பிடுங்கிவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து ‘பீப்’ சத்தம் வந்தபோது ஒயர் காற்றில் இருந்தது. ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே அப்படியே பிடுங்கியதில், பதினெட்டாவது முறை கம்ப்யூட்டர் உறைந்தது. அணைத்துப் போட்டுத் தொடர்ந்தார்கள். நாற்பத்தொன்றாவது முறை அது உறையவில்லை. அதைவிட மோசமாக, கையில் இருந்த வால்வின் எண்ணுக்குப் பதிலாக முந்தைய வால்வின் எண்ணைத் திரையில் காட்டியது. கசியும் வால்வின் எண்ணில், அடுத்து வந்த நல்ல வால்வின் ‘பாஸ்’ ஏறியது இப்படித்தான்.

முத்துச்செல்வி தாவி எழுந்தாள். அம்சவல்லியைக் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று அம்சவல்லிக்குப் புரியவில்லை, ஆனாலும் தள்ளிவிடவில்லை.

அன்று மாலைக்குள் நிரலில் இடத்தைப் பிடித்துவிட்டாள். ஸ்கேனர் செருகியதும் இயக்க முறைமை அதற்கென்று நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறது. பிடுங்கியதும் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் எண்ணைப் பாதி படித்துக்கொண்டிருந்த பகுதிக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. காலி செய்த வாடகை ரூமுக்குள் பழைய சாவியைப் போட்டு நுழைவது போல, அது அதே இடத்தில் போய்க் கைவிட்டுத் துழாவுகிறது. அங்கே அப்போது எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் நின்றுபோகும். எப்போதாவது ஒரு முறை வேறொரு வால்வின் எண் கையில் வரும். கெட்ட எண்ணம் உள்ளவன் வேண்டுமென்றே ஒரு போலிக் கருவியைச் செருகிப் பிடுங்கினால், இதே ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே புகுந்துவிடலாம். ஆறு வருடமாக அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கிறது.

திருத்தம் பதினொரு வரி. படித்து முடிக்கும்வரை இடத்தைத் திரும்ப எடுக்காதே என்று சொல்லும் பதினொரு வரி. செவ்வாய் மாலையே அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு அனுப்பினாள். ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் அந்த மனிதர் புதன் காலையில் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். பிழை உண்மைதான், ஆனால் ஏட்டளவில்தான் உண்மை. ஸ்கேனர் படித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் யார் அதைப் பிடுங்கப் போகிறார்கள்? அவசரமில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

அவளுக்கு வந்த கோபத்தில் பஸ் குலுங்கியதுகூடத் தெரியவில்லை. யார் பிடுங்குவார்கள் என்றா கேட்கிறீர்கள்? நாங்கள் பிடுங்குகிறோம் ஐயா. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கட்டைவிரலால் அடித்தாள். எங்கள் லைனில் இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரே ஸ்கேனர். ஒரு வால்வுக்கு முப்பத்தெட்டு நொடி. ஒரு ஷிப்டுக்கு எழுநூறு வால்வு. ஒரு வால்வுக்கு இரண்டு முறை என்று ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு முறை பிடுங்குகிறோம், எட்டு மாதமாக. நீங்கள் ஏட்டளவில் என்று சொன்ன பிழையால் வெள்ளிக்கிழமை ஒருவருக்கு வேலை போகப்போகிறது. ஸ்ரீபெரும்புதூர் சிக்னல் வருவதற்குள் அனுப்பிவிட்டாள்.

அந்த மனிதர் நல்லவர்தான். தெரியாமல் பேசிவிட்டதாக ஒத்துக்கொண்டார். இரண்டு இடத்தில் மாற்றி எழுதச் சொன்னார், மாற்றினாள். பிழை எப்படி வெளிப்பட்டது என்பதையும் திருத்தத்தோடு எழுது, பின்னால் வருகிறவர்கள் நம்ப வேண்டும் என்றார். வழக்கப்படி கண்டுபிடித்தவர் பெயரும் சோதித்தவர் பெயரும் அடியில் வர வேண்டும், அவை யார் யார் என்று கேட்டார்.

அதைக் கேட்க அவள் இசக்கிதுரையின் ரூமுக்கே போனாள். ஒரு வாரத் தாடியோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஊருக்கு இன்னும் சொல்லவில்லை என்றான்.

“எம்பேரு என்னத்துக்கு தங்கச்சி? இங்க கெடக்க கெட்ட பேரு பத்தாதா?”

“உங்க கையிலதான அண்ணே அது மொதல்ல மாட்டுச்சி. மாட்டுனவர் பேரைத்தான் போடணும்.”

இசக்கிதுரை உள்ளே போய் ஒரு பேனா எடுத்துவந்தான். பிறகு, ஆங்கிலத்தில் தன் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். சோதித்தவர் அம்சவல்லி; அவளைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளே வந்து இனிஷியலோடு போடச் சொன்னாள்.

வியாழக்கிழமை லைன் சூப்பர்வைசர் தணிகாசலம் முத்துச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டார். பென்னலூர்க்காரர், கத்திப் பேசத் தெரியாதவர். அம்சவல்லியின் வாய்வழியாக விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

“நீயே கரெக்ட் பண்ணிட்ட இல்லம்மா, மிஷின்ல போட்டுடு, அத்தோட முடிஞ்சிச்சி. ஒரே ஸ்கேனர்னு மட்டும் விசாரணைல சொல்லிகினு இருக்காத. கஸ்டமர் ஆடிட்ல என் தலைதான் உருளும். இசக்கி ஒரு மன்னிப்பு லெட்டர் எய்திக் குடுத்தா, வார்னிங்கோட வுட்டுடச் சொல்றேன்.”

“அப்ப அவரு செஞ்சது நெசம்னு ஆயிரும்லா சார்?”

தணிகாசலம் லைன் பக்கம் திரும்பி நடந்தார். இந்தத் தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. இதை விட்டால் அவருக்கு வேறு போக்கில்லை என்பது முத்துச்செல்விக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பிழைக்க இன்னொருவன் திருடனாக வேண்டும் என்றால் அந்தப் பாவத்தை அவளால் சுமக்க முடியாது. அன்று மதியம் திருத்தம் சேர்க்கப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் மனிதவள மேலாளர் மதிவதனி, தணிகாசலம், சவரம் செய்துகொண்டு வந்த இசக்கிதுரை, அழைக்கப்படாமலே வந்து உட்கார்ந்த முத்துச்செல்வி என்று நாலு பேர். மதிவதனி கறாரானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். முத்துச்செல்வி நடந்ததைச் சொல்லி, திருத்தத்தின் அச்சுப் பிரதியை முன்னால் வைத்தாள். மதிவதனி தணிகாசலத்தைப் பார்த்து, ஒரே ஸ்கேனரை இரண்டு ஸ்டேஷனும் பகிர்வது உண்மையா என்று கேட்டார்.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனி ஸ்கேனர் இருக்கிறது என்றார் தணிகாசலம். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முத்துச்செல்வி இதற்கும் தயாராக வந்திருந்தாள். ஒரு கருவியைச் செருகினாலும் பிடுங்கினாலும் அதன் வரிசை எண்ணோடு அந்த நேரத்தை இயக்க முறைமை தானே குறித்துக்கொள்ளும். யாரும் கேட்காததால் யாரும் பார்த்ததில்லை. கசிந்த வால்வு போன அந்த ஷிப்டின் குறிப்புகளை, ஏழாம் ஸ்டேஷனுடையதை ஒரு பக்கமும் எட்டாம் ஸ்டேஷனுடையதை மறுபக்கமுமாக மேஜைமேல் பரப்பினாள். இங்கே பிடுங்கிய நாலாவது நொடியில் அங்கே செருகல். அங்கே பிடுங்கினால் இங்கே செருகல். எல்லா வரியிலும் ஒரே ஸ்கேனரின் எண். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு வரிகள்.

மதிவதனி மூன்று தாள்களைப் புரட்டினார். மற்றவற்றைப் புரட்டவில்லை. தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எட்டு மாசமா கேட்டுகினுதான் கீறேன் மேடம். வரல.”

ஏமாற்று என்ற குற்றச்சாட்டைக் கைவிடுவதாக மதிவதனி எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். அச்சுப் பிரதியின் அடியில் இருந்த பெயர்களைப் பேனாவால் தட்டி, இவை கம்பெனி விஷயம், வெளியே போனது தவறு, அந்தப் பெயர்களை உடனே எடுத்துவிடு என்றார்.

“அதுல கம்பெனி பேரு எங்கயும் இல்ல மேடம். இருக்கது ரெண்டு பேரோட பேரு. அது அவங்க அப்பா அம்மா வச்சது.”

இனி யார் நினைத்தாலும் எடுக்கவும் முடியாது, உலகம் முழுக்கப் பிரதி போய்விட்டது என்பதையும் சொன்னாள். மெமோ வரும் என்றார் மதிவதனி. கொடுங்கள், பதில் எழுதுகிறேன் என்றாள். பார்வையைத் தாழ்த்தவில்லை.

கடைசியாக இசக்கிதுரையின் முன்னால் ஒரு கடிதத்தை நகர்த்தினார்கள். ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தது. ‘எனது கவனக்குறைவால் நிகழ்ந்த தவறுக்கு வருந்துகிறேன்’ என்ற வாசகம், அடியில் கையெழுத்துக்குக் கோடு. வெறும் சம்பிரதாயம், ஃபைலை மூட ஏதாவது ஒரு காகிதம் வேண்டும், போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார்கள். தணிகாசலமும் போட்டுவிடு என்று கண்ணால் கெஞ்சினார். முத்துச்செல்வி பரப்பிய தாள்களை அடுக்கத் தொடங்கினாள். அது அவன் முடிவு.

இசக்கிதுரை கடிதத்தை இரண்டு முறை படித்தான். மதிவதனியின் பேனாவைக் கேட்டு வாங்கினான். வருத்தம் தெரிவிக்கும் வரியின் மேல் ஓரத்திலிருந்து ஓரம்வரை நிதானமாக ஒரு கோடு இழுத்தான். அதன் கீழே தமிழில் எழுதினான்: ‘பிழையைக் கண்டுபிடித்தவர், இசக்கிதுரை, ஸ்டேஷன் ஏழு.’ கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டான்.

“இத ஃபைல்ல வச்சிக்கிடுங்க மேடம். திங்கக்கெழம வாறேன்” என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.