சர்வீஸுக்குப் போன தையல் மெஷின்

'வட்டாரச் சமூகப் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம்.' கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை நீளம். பழைய பொருள் கொடுப்பவர்களுக்குத் திறப்பு விழாவில் மைக் உண்டு என்று கேள்விப்பட்டார் தலைவர். எந்தச் சங்கத்துக்கும் அவர் தலைவரில்லை. மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்பதால் தெருவில் வைத்த பெயர். மனைவியின் தையல் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றார்.

"மெஷின் வந்துச்சா?"

"பார்ட்ஸ் கிடைக்கலையாம்."

அக்கம்பக்கத்தார் தைக்கக் கொடுத்த துணிகள் மூலையில் மூட்டையாகக் கிடந்தன. அதைத் தாண்டித்தான் அவர் சாப்பிடப் போக வேண்டும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

விழாவுக்கு அவளைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை அழைத்து வந்துவிட்டார்.

"மாமா மேடையில பேசுறத அத்தை பாக்க வேணாமா?"

நல்ல மனசுக்காரர்கள் செய்யும் கெடுதலுக்கு மருந்தே கிடையாது.

'உழைக்கும் மகளிர்' அறையில், கயிற்றுக்கு அப்பால் மெஷின் நின்றது. கைப்பிடியில் அவள் சுற்றிய சிவப்புத் துணிகூட அப்படியே. கீழே அட்டையில், வழங்கியவர் என்று அவர் பெயர் கொட்டை எழுத்தில். 'பயன்படுத்தியவர்: பெயர் தெரியாத ஓர் ஏழைப் பெண்.'

"இப்படிப் போட்டா கனமா இருக்கும் சார்" என்று அதிகாரி சொன்னபோது தலையாட்டியவர் அவர்தான்.

அவள் நிதானமாகப் படித்தாள்.

"சர்வீஸ் நல்லா பண்ணியிருக்காங்க. பளபளன்னு இருக்கு."

"இல்லம்மா, நான் வந்து..."

"புது பேன்ட்டு கால் மடிப்புல என்ன, தையலுக்குப் பதிலா குண்டூசியா? பாத்து மேடை ஏறுங்க. குத்திடப் போகுது."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. சுற்றாத மின்விசிறியை அக்கறையாக ஆராய்ந்தார்.

அறைக் கோடியிலிருந்த மேடைக்குத் தலைவரை அழைத்தார்கள். 'உழைப்பின் மேன்மை' என்ற உரை சட்டைப்பையிலேயே இருந்தது.

"இந்த மெஷின் என் மனைவியோடது. அவளக் கேக்காம தூக்கிட்டு வந்துட்டேன்."

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு கை தட்டியது. "என்ன தன்னடக்கம்!" என்று முன்வரிசைப் பிரமுகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெஜமாவே திருட்டுங்க!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

தட்டாதவள் ஒருத்திதான். கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, சக்கரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பொருளத் தொடக்கூடாது" என்றார் காவலாளி.

"தெரியாம தொட்டுட்டேங்க" என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள்.