மேல்தகட்டின் கடைசி எழுத்து

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தின் படிக்கட்டில். லிஃப்ட் நின்று பதினோரு நாள். மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் வம்பும் காதில் விழத்தானே செய்யும்?

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘அந்தி வெயிலில் நீரஜா மெல்ல—’

(அடித்துவிட்டேன். எங்கள் சங்கச் செயலாளர் நீரஜா எதையும் மெல்லச் செய்து நான் பார்த்ததில்லை.)

2

நீரஜாவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. லிஃப்டின் கருகிய கன்ட்ரோல் கார்டு கையில். எதிரே உதிரிபாகக் கடை ஜீஷான்.

“நம்பர்ல கடைசி எழுத்து இன்னா மேடம்? ஏ-வா, டி-யா?”

“ஏதோ ஒண்ணு குடுங்களேன்!”

“மாத்திக் குடுத்தா நீங்க மூணு அழுத்துவீங்க, அது ஒண்ணுல போய் நின்னுக்கும். கார்டோட மேல்தகட்டுல மட்டுந்தான் நம்பர் போடுவாங்க. யாரு இப்டி வழவழன்னு தேச்சது?”

“மெக்கானிக்தான்,” என்றாள் நீரஜா.*

* இல்லை, அவளேதான். ஆயுத பூஜைக்குப் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்தேய் என்று தேய்த்தாள். மையில் அச்சடித்த எண். தகடு பளபளத்தது, எண் போயிற்று. அதன்மேல் சந்தனம், குங்குமம் வேறு.

3

நாலாவது மாடி ராஜகோபாலனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி மூன்று வாரம். வெள்ளிக்கிழமை நந்தனத்தில் மகள் ஸஹானாவுக்கு வளைகாப்பு.

“நாற்காலில வெச்சு நாலு பேர் தூக்கிண்டு போயிடலாம் மாமா,” என்றாள் நீரஜா.

“நாலு பேர் தூக்கறதுக்கு இன்னும் நாள் இருக்கும்மா. மொதல்ல அந்த மெக்கானிக்கை மாத்து.”

(இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லி அழுவதாக ஒரு பத்தி எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. “சரி மாமா” என்றுதான் சொன்னாள்.)

4

ஜீஷான் எப்படியோ அந்த எழுத்தைக் கண்டுபிடிப்பதாக முடிக்கலாம். அல்லது மெக்கானிக் கோபித்துக்கொண்டு—

சே. முடிவு என் கைபேசியில் அல்லவா இருக்கிறது! பூஜையன்று எடுத்த படம். (மொட்டைமாடி லிஃப்ட் அறைக்கு நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள்.) பாதி அழிந்த எண், தெளிவாகக் கடைசி எழுத்து, பக்கத்திலேயே நாரும் கையுமாக நீரஜா.

அவளை வெட்டிவிட்டு அனுப்பு என்பீர்கள். இத்தனை நாள் ஏன் வைத்துக்கொண்டிருந்தாய் என்று என்னைக் கேட்பார்களே? கதை எழுதிக்கொண்டிருந்தேன் என்றா சொல்வது?

இன்று புதன். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பப் படத்தை எடுத்து வைத்துவிட்டேன், வெட்டாமல்தான். மேலே வாக்கர் தட்டும் ஓசை. ராஜகோபாலன் தினமும் இந்நேரம் வெளியே வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். அழுத்துகிறார். மறுபடி அழுத்துகிறார்.

இந்தாருங்கள் கைபேசி. இந்தப் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள்.