குறை இல்லாத வியாழக்கிழமை

“ஜன்னலை ஏன் மூடி வெச்சிருக்கீங்க?”

“கண் டெஸ்ட் பண்ற ரூம், மேடம். இருட்டா இருக்கணும்.”

“கிருமிக்கும் இருட்டு ரூம்தான் பிடிக்கும்.”

“அப்படின்னா அதையும் உக்கார வெச்சு, பவர் என்னன்னு பாத்துடறேன்.”

மூன்று வாரத்துக்கு முந்தைய பேச்சு இது. கண்ணாடிக்கடைக்காரன் இதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்காத நாளே இல்லை. நகராட்சியிலிருந்து வந்த சுகாதார ஆய்வாளர் அன்றைக்குச் சிரித்தாளா என்பது அவளுடைய முகக்கவசத்துக்குத்தான் வெளிச்சம். ஆனால் கண்ணோரத்தில் மூன்று கோடுகள் விழுந்தன. நாள் முழுக்கக் கண்களையே பார்த்துப் பிழைக்கிறவனுக்கு அந்த மூன்று கோடுகள் போதும். அன்று சாயங்காலம் ஒரு வாடிக்கையாளரின் இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதி வைத்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடை அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. கல்லாவும் பேச்சும் அக்காவுடையவை. கண்ணும் கண்ணாடியும் தம்பியுடையவை. தொற்றுக் காலத்தில் கடை திறந்திருக்க வேண்டுமானால் சுகாதாரப் பிரிவின் விதிகளை மீறக்கூடாது. குறை இருந்தால் ஏழு நாளில் ஆய்வாளர் மறுபடி வருவார். தொடர்ந்து நான்கு முறை குறை என்றால் இரண்டு வாரம் கடைக்குப் பூட்டு. குறையே இல்லையென்றால் பச்சை அட்டை ஒட்டிவிட்டுப் போவார். பிறகு ஆறு மாதம் எட்டிப் பார்க்க மாட்டார்.

இந்த விதியைப் படித்த இடத்தில்தான் தம்பிக்குப் புத்தி வேறு பக்கம் வேலை செய்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை பார்க்காதவன், வழிகாட்டிக் கையேட்டை மனப்பாடம் செய்தான். யாருக்கும் கெடுதல் வராத குறையாகத் தேடினான். முதல் வாரக் குறை ஜன்னல். இரண்டாவது வாரம், வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்த்த பிரேம்களை மருந்து தொட்டுத் துடைத்துவிட்டு, ‘துடைத்தது’ என்று எழுதாத தட்டில் அடுக்கினான். மூன்றாவது வாரம், கை கழுவும் மருந்துப் பாட்டிலில் தேதிச் சீட்டைக் கிழித்து வைத்தான். இரண்டு தடவையும் அவள் படிவத்தில் குறையை எழுதினாள். இரண்டு தடவையும் அவன் பாட்டுப் பாடிக்கொண்டே லென்ஸ் தேய்த்தான்.

நான்காவது வாரம், புதன்கிழமை மத்தியானம், வாடிக்கையாளர்கள் தள்ளித் தள்ளி நிற்பதற்காகத் தரையில் ஒட்டிய வட்டங்களில் ஒன்றை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடம் மாட்டினான்.

“ஏண்டா, உன் கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தப் பொண்ணு வரணும்னா வாயைத் திறந்து கூப்பிடு. அதுக்கு நாலாவது குறையையும் வரவெச்சு என் கடையை ஏன்டா இழுத்து மூடற?”

உரித்த வட்டத்தை அக்காவே திரும்ப ஒட்டினாள். அன்று முழுக்க இருவருமாகக் கடையைப் பளபளவென்று ஆக்கினார்கள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, கறுப்புத் திரை காற்றுக்கு வழிவிட்டுத் தள்ளித் தொங்கியது. தட்டுகளில் கொட்டை எழுத்து. பாட்டிலில் தேதி. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு இன்னொரு முறை பார்த்தாள். மண்டியிட்டு வட்டங்களுக்கு நடுவே டேப் பிடித்தாள். நாற்காலியைக் கவிழ்த்து அதன் அடிப்பாகத்தைக்கூட விசாரித்தாள். கண் டெஸ்ட்டுக்கு வந்தவர் பொறுமையிழந்து, சுவரிலிருந்த எழுத்துகளைத் தானாகவே உரக்கப் படித்து முடித்தார்.

ஒரு குறையும் சிக்கவில்லையா என்று அக்கா கேட்டாள். இல்லைங்க என்றாள் ஆய்வாளர், பரீட்சையில் தோற்றவள் குரலில். பச்சை அட்டையைக் கதவில் ஒட்டினாள். ஒரு மூலையை நான்கு தடவை தேய்த்தாள். பிறகு போய்விட்டாள்.

தம்பி என்ன செய்கிறோம் என்று தெரியாமல், கண் பவர் பார்க்கும் வட்டச் சட்டத்தைத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு நின்றான். அக்கா அவன் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அப்படியே தெருவுக்கு ஓடினான். தடித்த லென்ஸுகள் வழியாகத் தெருவே கரைந்து ஓடியது. சிவப்பாக, அசையாமல் நின்ற ஒன்றைப் பார்த்து, “மேடம், ஒரு நிமிஷம்” என்றான்.

“அது தபால் பெட்டி. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்.”

சட்டத்தைக் கழற்றினான். அவள் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஆறடி தள்ளி நின்று, மூச்சு வாங்கும் வரை சிரித்தார்கள்.

“ஜன்னல் மட்டும்தாங்க நெஜக் குறை. தட்டும் பாட்டிலும் நான் வேணும்னே செஞ்சது.”

“தெரியும். பிரேம் எல்லாம் மருந்து வாசனை அடிச்சுதே.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

தட்டில் எழுதாவிட்டால் குறைதான், விதி விதிதான் என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தாள்.

“எழுதாட்டி அடுத்த வியாழக்கிழமை வேற கடைக்குப் போகணும்.”

அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று வாரமாக நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போன பேச்சு, இந்தத் தடவை திரும்பவில்லை.

“ஆறு மாசமெல்லாம் என்னால முடியாதுங்க. அடுத்த வியாழக்கிழமையும் வாங்க. அந்தப் படிவத்தை ஆபீஸ்லயே வெச்சுட்டு, என்னைப் பாக்க வாங்க.”