கால் அங்குலம் மேற்கே

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு மூன்றே மணி நேரத்தில் போகும் ரயிலுக்கு 1964இல் திட்டம் போட்டார்கள் என்பது என் கற்பனை. ஆவணங்களில் தேடாதீர்கள். பழைய நிலப்படம் ஒன்றில், ரப்பர் தோட்டத்தின் மேல் யாரோ பென்சிலால் போட்டு அழித்த கோடு தெரிந்தது. ஏன் அழித்தார்கள் என்று யோசித்ததில் செல்லக்கண்ணு வந்து சேர்ந்தார்.

தொடக்கம் ஒன்று: "மழை பெய்த ஒரு காலையில் செல்லக்கண்ணு தன் மேசையில்—"

வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: கோடு அவருடைய அக்கா வீட்டின் மேல் போனது.

இது இருக்கட்டும்.

2

செல்லக்கண்ணு சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தார். நில அளவை நிறுவனம் ஒன்றில் படம் வரைகிற வேலை. உறவென்று மிச்சமிருந்தது அக்கா தங்கம் மட்டும்தான். கடலிடுக்கைத் தாண்டி ஜொகூரில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவி இவரைப் படிக்க வைத்தவர். அப்போது சிங்கப்பூரும் ஜொகூரும் ஒரே நாடு.

வேகமாகப் போகிற ரயிலுக்கு வளைவு ஆகாது. இன்ஜினியர்கள் நேராக இழுத்த கோடு தங்கம் குடியிருந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின், முப்பத்திரண்டு வீடுகளையும் அறுத்துக்கொண்டு போனது.

"காலி நிலம்னு எழுதிடு, செல்லக்கண்ணு" என்றார் மேலாளர் அப்துல் முத்தலிப். "வீடு தோட்டத்துக்காரனோடது. குடியிருக்கிற ஆளுங்களோடது இல்ல."

செல்லக்கண்ணு எழுதவில்லை. அந்த இடத்தில் சதுப்பு நிலக் குறி போட்டார். சதுப்பைத் தவிர்த்துக் கோடு கால் அங்குலம் மேற்கே நகர்ந்தது. நிலத்தில் அது கால் மைல். அங்கே ஒன்பது வீடுகள் இருந்தன.

(இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவரை நல்லவராகவே விட்டுவிட ஆசை. ஆனால் படத்தில் அந்த ஒன்பது வீடுகளுக்கும் முன்பே புள்ளி வைத்தது அவர் கைதான்.)

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அக்காவிடம் போனார்.

"ஒன் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. கோட்டை மாத்திட்டேன்."

வாளி கழுவிக்கொண்டிருந்த தங்கம் நிமிர்ந்தார்.

"யாரைக் கேட்டுடா மாத்தின?"

"லயத்தையே இடிச்சிருப்பாங்கக்கா."

"இடிக்கட்டும்லா! இடிச்சா வேற எடத்துல வீடு குடுப்பாங்கன்னு அளக்க வந்தவங்க சொன்னாங்க. இந்தத் தோட்டத்தை விட்டுப் போக ஒரு வழி வந்துச்சேன்னு லயமே சந்தோஷமா இருந்துச்சு."

தங்கம் வாளியைக் கீழே வைத்தார்.

"இப்ப எங்க போவுது?"

"மேற்கால."

"மேற்கால இருக்கறவங்க சொந்தமா காடு வெட்டி உக்காந்தவங்கடா. அவங்க எங்க போவாங்க?" தங்கத்தின் குரல் தாழ்ந்தது. "போ. போயி மாத்திச் சொல்லு."

4

திங்கட்கிழமை செல்லக்கண்ணு உண்மையைச் சொன்னார். முத்தலிப் கதவைச் சாத்தினார்.

"படம் மேல போயாச்சு. நீ வாயைத் திறந்தா வேலை போயிடும்."

"போகட்டும் பாய். அது சதுப்பு இல்ல."

வேலை போனது. படத்தைத் திருத்துகிறோம் என்றார்கள். திருத்தினார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. 1965 ஆகஸ்டில் இரண்டு ஊரும் இரண்டு நாடாயின. திட்டத்தைக் கட்டி அலமாரியில் வைத்தார்கள்.

5

செல்லக்கண்ணு அக்காவுக்குக் கடிதம் எழுதினார்: "ரயில் வராது. லயத்திலும் சொல்லிவிடு. மேற்கே இருப்பவர்களிடமும் சொல்லிவிடு."

ஒன்பது வீடுகளுக்கு அது நிம்மதி. முப்பத்திரண்டு வீடுகளுக்கு அது—

தங்கம் முதலில் மேற்கே போனதாக ஒருமுறை எழுதினேன். அங்கே அவருக்குச் சாப்பாடு போட்டார்கள். லயத்துக்கே முதலில் போனதாக இன்னொரு முறை எழுதினேன். யாரும் அவரைத் திட்டவில்லை. மறுநாள் எல்லாரும் மரம் சீவப் போனார்கள். இரண்டையும் கிழித்துவிட்டேன். தம்பி செய்ததற்கு அக்கா எந்த வாசலில் போய் நிற்பார் என்று முடிவுசெய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தங்கம் எழுந்து நிற்கிறார். அவரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று நீங்கள் சொல்லுங்கள்.